கடைசி பெஞ்சில் தூங்கிய தம்பி

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் காலை 6 மணிக்கு முடிகிறது. எங்கள் சபையில் ஆராதனை எட்டரை மணிக்கு. அந்த இடைவெளியில் அறைக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி, பஸ் பிடித்து மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்திருக்கிறான் அந்தத் தம்பி. பிரசங்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் கடைசி பெஞ்சில் தலை சாய்ந்துவிட்டது. பெரியவர் ஒருவர் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி தட்டி எழுப்பினார். "தூங்குவதற்கா கோவிலுக்கு வந்தாய்?" வாலிபர் சங்கச் செயலாளரான நான் நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவனிடம் போகவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அதன்பின் நான்கு மாதம் அவன் வரவே இல்லை.

ஒரு நாள் மாலை சிப்காட் பக்கம் தேடிப் போய், தேநீர்க் கடையில் அவனைப் பிடித்தேன். ஒரே அறையில் ஆறு பேர். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் சமைப்பான், மூன்றாமவன் போனில் சண்டை போடுவான். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், தங்கையின் படிப்புக் கடன் இருக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "தூக்கம் வந்தாலும் அங்கே வந்து தூங்கலாம் என்றுதான் வந்தேன் அண்ணா" என்றான்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபன் இருக்கிறான். பவுல் நெடுநேரம் பேச, ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் அவனைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். ஊழியம் என்றால் எனக்கு இப்போது அந்த இறங்கிப்போவதுதான் நினைவுக்கு வருகிறது.

"இந்தக் காலத்து வாலிபர்களுக்கு விசுவாசம் இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஷிஃப்டும் அரசுத் தேர்வு வகுப்பும் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டுவிட்டன. நாமோ மணியை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது மாதம் இருமுறை தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடுகிறோம். வருகைப் பதிவேடு கிடையாது. ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, மீதி நேரமெல்லாம் அவர்கள் பேசுவார்கள். கடன், குடி, வீட்டில் சொல்ல முடியாத காதல், 'ஜெபித்தும் வேலை கிடைக்கவில்லையே' என்ற கோபம். பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை, கூட உட்கார்ந்திருப்பேன். முதுநகரிலிருந்து வரும் நர்சிங் படிக்கும் தங்கைகள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும், அதனால் ஆறு மணிக்கு முடித்துவிடுவோம். கூட வரும் இந்து நண்பர்களும் உண்டு. அவர்கள் கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சுண்டலில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். மணலில் இவர்கள் நடுவே உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். இவர்களுடைய பேச்சை நான் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.

அந்தத் தம்பி இப்போது வருகிறான். இந்த வாரம் அவனுக்குப் பிற்பகல் 2 மணி ஷிஃப்ட். அதனால் சனிக்கிழமைக் கூடுகையைக் காலை ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.