பூலில் கிடக்கும் இணைப்பை அறுப்பது யார்?

சற்று நேரம் யாரும் தொடாமல் கிடந்த அப்ளிகேஷனில் முதல் கோரிக்கை மட்டும் தோற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். இதைப் பார்த்ததும் பூல், அதாவது டேட்டாபேஸுக்கு முன்கூட்டியே திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு, அதன் அளவைக் கூட்டத்தான் கை போகிறது. அதனால் செத்த இணைப்புகளின் எண்ணிக்கைதான் கூடும். முதலில் பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவர் ‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்’ என்று சொல்லும்போது, சர்வரிடமிருந்து கடைசிப் பாக்கெட் வந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்பதையும் பெரும்பாலும் சேர்த்தே சொல்லும். அது 28,800,000-ஐத் தாண்டியிருந்தால் அறுத்தது அநேகமாக டேட்டாபேஸ்தான். சும்மா இருக்கும் இணைப்பை அது விட்டுவைக்கும் எல்லையான வெயிட் டைம்அவுட் இயல்பாக 28800 வினாடி, அதாவது 8 மணி நேரம். இந்த மதிப்பை கன்சோலில் பார்த்து ஏமாற வேண்டாம். கன்சோல் இணைப்பு, மனிதர் தட்டச்சு செய்யும் இணைப்புகளுக்கான தனி எல்லையான இன்டராக்டிவ் டைம்அவுட்டை எடுத்துக்கொள்ளும். அப்ளிகேஷன் இணைப்புக்குள்ளிருந்தே செஷன் மதிப்பைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

எண் சில நிமிடங்கள்தான் என்றால் நடுவில் இருக்கும் ஃபயர்வாலையோ, போக்குவரத்தைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சரையோ சந்தேகிக்கலாம். அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர் இயல்பாக 350 வினாடி சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை மறந்துவிடும். அஷ்யூர் லோட் பேலன்சருக்கு 4 நிமிடம். இதை உறுதி செய்ய, டேட்டாபேஸ் தன் இணைப்புகளைப் பட்டியலிடும் பிராசஸ் லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். அப்ளிகேஷன் பக்கம் பிழை வந்த அதே ஐபி, அதே போர்ட் அங்கே இன்னும் ‘ஸ்லீப்’ நிலையில் நேரத்தை ஏற்றிக்கொண்டிருந்தால், இணைப்பு செத்த செய்தி சர்வருக்கு எட்டவே இல்லை.

சில ஃபயர்வால்கள் இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ரீசெட்கூட அனுப்பாமல் பாக்கெட்டை விழுங்கிவிடும். இதுதான் மிக மோசமான வகை. பிழையே வராது, த்ரெட் தொங்கும். லினக்ஸ் இயல்பாக 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். டிரைவர் பதிலுக்குக் காத்திருக்கும் எல்லையான சாக்கெட் டைம்அவுட்டோ இயல்பாக 0, எல்லையே இல்லை.

ஜாவாவில் பலரும் பயன்படுத்தும் ஹிகாரி பூலில் இதே கோளாறு வேறு முகம் காட்டும். அரை வினாடிக்கு மேல் சும்மா இருந்த இணைப்பை அது கொடுக்குமுன் சோதிக்கும். ஒரு சோதனைக்கு 5 வினாடி வரை காத்திருக்கும். இயல்பான அளவான 10 இணைப்புகளும் செத்திருந்தால், ஆறைச் சோதிப்பதற்குள், ஒரு கோரிக்கை இணைப்புக்காகக் காத்திருக்கும் எல்லையான 30 வினாடி கனெக்‌ஷன் டைம்அவுட் தீர்ந்துவிடும். லாகில் பூல் தீர்ந்ததுபோலத் தெரியும். இணைப்பைத் திருப்பித் தராத கோடைத் தேடி நாள் போகும்.

சரிசெய்வதில் விதி ஒன்றுதான்: வேறு யாரும் அறுக்குமுன் பூலே இணைப்பை முடிக்க வேண்டும், அல்லது அதைச் சும்மா விடக் கூடாது. ஹிகாரியில் ஓர் இணைப்பின் ஆயுள் எல்லையான மேக்ஸ் லைஃப்டைம் இயல்பாக 30 நிமிடம். 8 மணி நேர வெயிட் டைம்அவுட்டுக்கு அது போதும், 350 வினாடிக்குப் போதாது. அங்கே, பூல் இணைப்பைத் தொட்டுப் பார்க்கும் இடைவெளியான கீப்அலைவ் டைமை 2 நிமிடமாக வைத்தால் சும்மா இருக்கும் இணைப்பிலும் போக்குவரத்து ஓடும். லினக்ஸின் டிசிபி கீப்அலைவை அப்படியே நம்ப வேண்டாம். முதல் துடிப்பே 7200 வினாடி கழித்துத்தான். சாக்கெட் டைம்அவுட்டை மிக நீளமான நியாயமான க்வெரியைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். குறைத்தால் நல்ல ரிப்போர்ட்டும் பாதியில் அறுபடும். அறுந்ததும் டிரைவரே மறுபடி இணைக்கும் ஆட்டோ ரீகனெக்டைப் போடவே கூடாது. டிரான்சாக்‌ஷன் நடுவில் புது இணைப்பு வந்தால் பழைய செஷன் நிலை எதுவும் அதில் இருக்காது.

மாற்றியதைச் சோதனைச் சூழலில் அறுத்தே பார்க்கலாம். அப்ளிகேஷனின் ஓர் இணைப்பு எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து, டேட்டாபேஸ் பக்கம் லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்த போர்ட்டிலிருந்து வருவதை மட்டும் டிராப் செய்யுங்கள். ரிஜெக்ட் போட்டால் சர்வர் உடனே மறுப்பு அனுப்பிவிடும், அது வேறு கோளாறு. அடுத்து வரும் கோரிக்கை அதிகபட்சம் 5 வினாடி தாமதித்து வேறு இணைப்பில் முடிந்தால் அமைப்பு சரி; 30 வினாடி இழுத்தால் மற்ற இணைப்புகளும் செத்துக் கிடக்கின்றன.