கலந்தாய்வுக்கு முன்னால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன்

நத்தத்திலிருந்து மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். எங்கள் வீட்டில் குழப்பமே அதனால்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுத் தரவரிசையில் என் பெயர் முன்பக்கமாக வந்திருந்தது. அரசுக் கல்லூரி கிடைக்கும், எது என்பதுதான் தெரியவில்லை. அப்பா திண்டுக்கல் என்றார். 2022-ல் திறந்தது, எல்லாம் புதுக் கட்டடம். எனக்கோ கல்லூரியை விட இங்கிலீஷ்தான் பெரிய பயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான்.

எங்கள் பள்ளியில் படித்த அக்கா ஒருவர் மதுரை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "ஒரு நாள் வந்து பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்றார். அப்பாவும் நானும் காலை ஏழரைக்கெல்லாம் கோரிப்பாளையத்தில் இறங்கிவிட்டோம். கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை அங்கேதான். அரசு இராசாசி மருத்துவமனை என்று பலகையில் இருந்தாலும் ஊருக்கு அது பெரியாஸ்பத்திரிதான். என் அப்பத்தா இன்னமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். ஓபி சீட்டு வாங்க அந்த நேரத்திலேயே நீளமான வரிசை. கிராமத்திலிருந்து வந்தவர்கள் தூக்குவாளியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பக்கம் மாதிரியே பேசினார்கள்.

கல்லூரி 1954-ல் தொடங்கியது, இப்போது ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டே அனாட்டமி துறைப் பக்கம் கூட்டிப் போனார். உடல் அறுத்துப் படிக்கும் கூடத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. அது சரிதான். நாம் படிப்பதற்காகத் தங்கள் உடலையே கொடுத்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். வராந்தாவில் நின்றபோதே, உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் வாடையில் கண் எரிந்தது. "ஒரு மாசத்துல பழகிடும்" என்றார் அக்கா.

அவருடைய முதலாண்டு நோட்டைக் காட்டினார். இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் தமிழ். ரீனல், நெஃப்ரோ இரண்டுக்கும் நேரே சிறுநீரகம் என்று எழுதியிருந்தது. முதல் மூன்று மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் அழுதாராம். இந்த நோட்டு பாதி நிறைந்த பிறகுதான் புத்தகம் படிக்க வந்ததாம்.

ஒன்பது மணிக்கு அவருக்கு வார்டு. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவோரக் கட்டிலில் ஒரு பாட்டி. அக்கா பக்கத்தில் நின்று கேஸ் எடுத்தார், அதாவது என்ன தொந்தரவு என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். "நெஞ்சு கரிக்குதுத்தா, ரா முழுக்கப் பொரண்டு பொரண்டு படுத்தேன்" என்றது பாட்டி. "எப்ப இருந்து பாட்டி? வெறும் வயித்துலயா, சாப்பிட்டப்புறமா?" பாட்டி மருமகள் வைத்த புளிக்குழம்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னது. அகில இந்திய ஒதுக்கீட்டில் வடக்கேயிருந்து வந்த மாணவர் ஒருவர் கூடவே நின்றார். கரிக்குது என்றால் என்ன என்று அக்காவிடம்தான் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இங்கே பாதிப் படிப்பு தமிழில்தான் நடக்கிறது, அந்தப் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். இதை எந்தப் பயிற்சி மையத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்பா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில், "இவ்வளவு சனம் வர்ற எடத்துலதான் கத்துக்க முடியும் போல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் சான்றிதழ் அலைச்சல். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். நான் எட்டு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்பதால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் வாங்க வேண்டியிருந்தது. நான்கு நாள் ஓடிவிட்டது. கலந்தாய்வுத் தேதி வரும்வரை காத்திருக்காமல் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் இந்த ஒதுக்கீட்டில் அரசே கட்டிவிடுகிறது.

சென்னையில் என் முறை வந்தபோது திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்கச் சில நிமிடம்தான். மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் "மதுரை" என்று சொல்லிவிட்டேன்.