கருப்பனுக்கு எந்த டாக் ஃபுட்?

கருப்பன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. லாப்ரடார், பெயருக்கேற்ற கருப்பு. 45 நாள் குட்டியாக என் மகன் மடியில் உட்கார்ந்து ஆட்டோவில் வந்தான். அன்று எடை 3.8 கிலோ. "அவனுக்கு என்ன போடுறீங்க, எதைப் பார்த்து வாங்கினீங்க?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ராக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014-இல் வந்தவன், எங்கள் முதல் லாப். அப்போது மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளி எடை போட்டுத் தருவார்கள். விலை குறைவு. அது குட்டிக்கானதா, பெரிய நாய்க்கானதா, எந்த மாதம் தயாரானது, எதுவும் தெரியாது. கூடவே, "பெரிய ஜாதி நாய், எலும்பு கட்டணும்ல?" என்று ஒரு கால்சியம் டானிக்கும் கொடுத்தார்கள். காலையில் இரண்டு ஸ்பூன், ராத்திரி இரண்டு ஸ்பூன். நான்தான் என் கையால் ஊற்றினேன். ஐந்தாம் மாதம் முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "டானிக்கை இன்னைக்கே நிறுத்துங்கம்மா" என்றார். ராக்கி ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தான். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுவான். அவன் நகம் சிமெண்டில் உரசுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

கால்சியம் குறைந்தால் எலும்பு கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஏறக்குறைய ஆறு மாதம் வரை, மிஞ்சிய கால்சியத்தை வேண்டாமென்று தள்ளிவிடக் குட்டியின் குடலுக்குத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்து, எலும்பு வளர்ச்சி கோணுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். லாப், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் மாதிரி பெரிய உடம்புக்கு வளரப்போகிற குட்டிகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

அதனால் இந்தத் தடவை கடையில் பையைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் படித்தேன். முன்பக்கத்தில் கோழிக்கறிப் படமும் பளபளக்கிற நாயும்தான் இருக்கும். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. நான் தேடியது ஒரே ஒரு வரி: இது வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான, சமச்சீரான உணவு, பெரிய உடல்வாகு நாய்களின் வளர்ச்சியும் இதில் அடங்கும் என்று ஆஃப்கோ அளவுகோலைச் சொல்லி எழுதியிருக்கிறதா? ஆஃப்கோ என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம். ஐரோப்பியப் பைகளில் ஃபெடியாஃப் என்று இருக்கும். வளர்ந்த நாய்க்கு மட்டும் என்று போட்டிருந்தால் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் குட்டிக்கு வேண்டாம்.

அடுத்து எண்கள். ஆஃப்கோ கணக்கில் குட்டிக்குப் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5, கால்சியம் 1.2 இருக்க வேண்டும். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் 1.8-ஐத் தாண்டக் கூடாது. இதெல்லாம் ஈரத்தைக் கழித்த கணக்கு. பையில் எழுதியிருப்பது ஈரத்தோடு சேர்ந்தது. நான் எடுத்த பையில் புரதம் 27, ஈரம் 10. மீதி 90-இல் 27 என்றால் 30 சதவீதம். கால்சியம் 1.2 என்று இருந்தது, அதுவும் 1.33 ஆகிறது. கடையிலேயே போனில் போட்டுப் பார்த்தேன். கால்சியம் அளவே போடாத ஒரு பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பொருள் பட்டியலில் ஒரு சூட்சுமம் உண்டு. சமைப்பதற்கு முன் உள்ள எடைப்படிதான் வரிசை போடுகிறார்கள். 'ஃபிரெஷ் சிக்கன்' முதலில் நின்றால் மனசு குளிரும், ஆனால் பச்சைக்கறியில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்த பிறகு அது எத்தனையாவது இடத்துக்கு இறங்குமோ. 'சிக்கன் மீல்' என்று பார்த்தால் முகம் சுளிக்க வேண்டாம். கறியை வேகவைத்து, நீரும் கொழுப்பும் எடுத்து அரைத்த தூள் அது. அதே எடையில் புரதம் கூடுதல். மக்காச்சோளம், மக்காச்சோளத் தவிடு, மக்காச்சோளப் புரதம் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தால் மூன்றையும் மனசுக்குள் கூட்டிப் பாருங்கள். தானியமே இல்லாதது என்று விலை ஏற்றி விற்பதையும் நான் எடுக்கவில்லை. பட்டாணி, பருப்பு வகைகளைக் கொட்டிச் செய்த அப்படிப்பட்ட உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் எச்சரித்தது. விசாரணை முடிவாக எதையும் நிரூபிக்கவில்லை, ஆனாலும் அரிசி சாப்பிட்டு வளர்கிற வீட்டில் அரிசியைத் தள்ளிவைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மீன் எண்ணெயில் இருக்கிற டிஹெச்ஏ என்ற கொழுப்புச் சத்து சேர்த்திருக்கிறதா என்று பார்த்தேன். அது மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது.

திறந்த மூட்டைத் தீனி எங்கள் வீட்டுக்குள் இனி வராது. நம் ஊர் வெயிலில் கொழுப்பு சீக்கிரம் கெடும். ராக்கியின் தீனியில் பழைய வடைச்சட்டி மாதிரி ஒரு சிக்கு வாடை வரும், டாக் ஃபுட் என்றாலே இப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன். இப்போது ஒரு மாதத்தில் தீருகிற பையாகத்தான் வாங்குகிறேன். டிரம்மில் கொட்டாமல் பையோடு டிரம்முக்குள் வைத்து, வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டுவிடுகிறேன். தேதியும் பேட்ச் நம்பரும் பையிலேயே இருக்கும்.

கருப்பனுக்கு முன்பு இருந்த இடத்தில் பால்சோறுதான் பழக்கம். ஒரே நாளில் மாற்றவில்லை. ஒரு வாரம் புதுத் தீனியைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏற்றினேன், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து. உருண்டைகள் உப்பி, விரலால் அழுத்தினால் நடுவரை மெத்தென்று அமுங்கும்போது வைப்பேன். மூன்றாம் நாள் மலம் கொஞ்சம் இளகலாக இருந்தது. அளவைக் கூட்டாமல் இரண்டு நாள் அப்படியே நிறுத்தினேன், சரியாகிவிட்டது.

அளவுதான் வீட்டில் பெரிய பேச்சு. ஆரம்பத்தில் நாளைக்கு 150 கிராம், நாலு வேளை. சமையல் தராசில் நிறுத்து வைப்பேன். "வளர்ற பிள்ளைக்கு இவ்வளவுதானா? தட்டை நக்குறான் பாரு" என்று அத்தை வருத்தப்படுவார். அவருக்கு ஒரு ஆய்வைச் சொன்னேன். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்தார்கள். ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு, அதன் ஜோடிக்கு அதில் கால் பங்கு குறைத்து. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2002-இல் வெளியான ஆய்வு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டாக்டரம்மா சொல்லித்தந்த சோதனையைக் காட்டினேன். உங்கள் புறங்கையைத் தடவிப் பாருங்கள், எலும்பு லேசாகத் தட்டுப்படும். குட்டியின் விலா அப்படி இருக்க வேண்டும். மடக்கிய கையின் விரல் முட்டி மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கை மேடு மாதிரி மெத்தென்றால் கொழுப்பு.

இப்போது கருப்பன் 12 கிலோ. மூன்று வேளையாக 320 கிராம். டானிக் கிடையாது. அத்தை தினமும் சாயங்காலம் அவனைப் பக்கத்தில் இழுத்து விலாவைத் தடவிவிட்டு, தன் புறங்கையையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார். மாடிக்கு இன்னும் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். கனக்கிறான்.