முதல் வெள்ளி நன்மை: 2025 தவக்கால நாட்குறிப்பு

(நன்மை என்பது நற்கருணை, பூசையில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பம். மாதத்தின் முதல் வெள்ளியன்று அதைக் கோவிலுக்கு வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே கொண்டுபோகிறோம்.)

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் மந்திரித்த சாம்பலில் கொஞ்சம் டப்பாவில் எடுத்து வைத்தால், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பூசலாம். மந்திரிப்பது சாமியார் (குருவானவர்), பூசுவதற்கு சிஸ்டர்கள் உதவலாம். சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைக்கக் கூடாது. காரம் ஏறி நெற்றி புண்ணாகிவிடும். பழைய குருத்தோலைச் சாம்பலை நன்றாகச் சலித்து உலர்வாகப் பூசினாலே ஒட்டும்.

ஒருசந்தி (நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு என்னும் நோன்பு) 18 வயது நிறைந்ததிலிருந்து 59 முடியும்வரைதான். இன்சுலின் போட்டுக்கொண்டு, "ஒருசந்தி சிஸ்டர்" என்று பட்டினி கிடக்கும் பாட்டிகளிடம் இதைக் கறாராகவே சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பங்குக் கோவிலிலேயே சீக்கிரம் காலாவதியாகும் நோட்டு நோயாளர் பட்டியல். மகள் வீட்டுக்குப் போனவர், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், இறந்தே போனவர் பெயரெல்லாம் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு அன்பியப் (பங்கின் தெருவாரிக் குழு) பொறுப்பாளருக்கும் முந்தின நாளே போன் போட்டுச் சரிபார்க்காமல் நற்கருணை எடுக்கக் கூடாது. பெயருக்கு எதிரே எழுத வேண்டியவை: விழுங்க முடியுமா, டயாலிசிஸ் எந்த நாள், பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டாரா. கடைசியில் உள்ளது சாமியாருக்குப் போக வேண்டிய தனிப் பட்டியல்.

மார்ச் 7, முதல் வெள்ளி

துறவி என்பதற்காக யாரும் நன்மை கொடுத்துவிட முடியாது. நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளர் என்ற நியமனம் வேண்டும். அப்பம் வைத்த சிமிழைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியபின் நேரே வீடு. வழியில் மீன் விலை விசாரிப்பதும் போன் பேசுவதும் வேண்டாம்.

வீட்டில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, அரை டம்ளர் தண்ணீர் போதும். மெழுகுதிரிக்காக மின்விசிறியை நிறுத்தினால் நோயாளிக்கு வியர்க்கிறது. திரியைச் சுவரோரம் நகர்த்திவிடலாம். டிவியை மட்டும் கட்டாயம் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர உபவாச விதி நோயாளிக்கும் முதியவருக்கும் அவர்களைப் பராமரிப்பவருக்கும் இல்லை. கஞ்சி குடித்துவிட்டதாகச் சொல்லி மருமகள் தயங்குவாள். அவளுக்கும் சேர்த்தே கொடுக்கலாம்.

கவனம் தேவைப்படுவது பக்கவாதம் வந்தவர்களிடம். முதலில் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். அப்பத்தில் நகக்கண் அளவு துணுக்கு போதும்; அதிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார். செயலிழந்த பக்கம் வைத்தால் கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும், அவருக்கே தெரியாது. அதனால் நல்ல பக்கம் நாக்கில் வைத்து, தாடை மேலே தூக்காமல் பார்த்துக்கொண்டு, விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கொடுக்குமுன் வீட்டாரிடம் கேளுங்கள். கெட்டியான கஞ்சி மட்டுமே இறங்குகிறவருக்கு ஒரு கரண்டித் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

துப்பிவிட்டால் பதற்றம் வேண்டாம். சுத்தமான துணியில் எடுத்து வந்து தண்ணீரில் இட்டு, முழுதும் கரைந்தபின் கால்படாத மண்ணில் ஊற்ற வேண்டும். மிஞ்சியது கோவிலில் நற்கருணை வைக்கும் பேழைக்குத் திரும்பும். சிமிழைக் கழுவிய தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். முடிவில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுப்பதில்லை. "ஆண்டவர் நம்மை ஆசீர்வதித்து" என்று நம்மையும் சேர்த்துச் சொல்லி, நாமும் சிலுவை போட்டுக்கொள்கிறோம்.

மார்ச் 18, செவ்வாய்

நோயாளிக்கு மந்திரித்த எண்ணெய் பூசும் நோயில்பூசுதலை இன்னும் 'அவஸ்தை' (சாவு நேரச் சடங்கு) என்றே சொல்கிறார்கள். எண்ணெய் பூசினால் ஆள் போய்விடும் என்ற பயத்தில் மூச்சு இழுக்கும்போதுதான் ஓடி வருகிறார்கள். அப்போது சாமியார் வேறு ஊர்ப் பூசையில் இருப்பார். பெரிய ஆபரேஷனுக்கு முன்பே பூசலாம், நோய் கூடினால் மறுபடியும் பூசலாம். இறந்தவருக்குக் கிடையாது. இது குருவால் மட்டுமே ஆவது. சிஸ்டரிடம் எண்ணெய் கேட்டுப் பயனில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இன்றும் நாளையும் கோவிலில் சடங்கு நேரத்தில் மட்டுமே நன்மை. ஆனால் நோயாளிகளுக்கு எந்த நேரமும் கொண்டுபோகலாம். இது தெரியாமல் பல பங்குகளில் பெரிய வெள்ளியன்று நோயாளர் சந்திப்பையே விட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரல் 19, பெரிய சனி

இன்று சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவாக (கடைசி நன்மையாக) மட்டுமே. பேழை காலி, நற்கருணை வேறு இடத்தில் இருக்கும். அது எங்கே, சாவி யாரிடம் என்று நேற்றிரவே கோவில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம் கேட்டு வைத்தாயிற்று.