கட்-அவுட் வைத்த கார்

"காருக்கு கட்-அவுட் வைக்கப் போறேன்" என்று சேலத்தில் ஒரு பையன் வீட்டில் சொன்னால், "எந்தக் கட்சிக்குடா?" என்றுதான் முதல் கேள்வி வரும். தியேட்டர் வாசலில் பாலபிஷேகம் வாங்கும் கட்-அவுட் இல்லை இது. சைலன்சர் பைப்பில் ஒரு கிளை போட்டு, அதன் வாயில் வட்டத் தகடு வைத்து, தகட்டைத் திருப்ப ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார் மாட்டுவது. ஸ்விட்சைத் தட்டினால் தகடு திறக்கும், புகை சைலன்சருக்குப் போகாமல் நேராக வெளியே வரும். கார் கத்தும். மறுபடி தட்டினால் மூடும். மூட வேண்டும்.

அந்த "வேண்டும்"தான் விஷயமே. ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்து, அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் பெருமையாகத் திறந்து, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் மூடாமல் சிக்கிக்கொள்ளும் கார்கள் உண்டு. அப்புறம் மேலே ஏற்காட்டின் ஒண்டிக்கடை சந்திப்பு வரைக்கும் ஊர்வலம்தான். பஜ்ஜிக் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்போனைப் பார்ப்பார்.

சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மலையில் இல்லை, போன வாரம் பட்டறை ராம்ப்பில் செய்த வேலையில் இருக்கிறது.

முதலில் அளவு. கிளை பிரியும் ஒய் துண்டு, தகடு உள்ள வால்வு, மோட்டார் எல்லாம் சேர்ந்த கிட் 2, 2.5, 3 இன்ச் என்றுதான் வரும். நம்ம ஊர் 1.2 லிட்டர் காரின் பைப் இரண்டு இன்ச்சைக்கூடத் தொடாது. "பெருசா இருந்தா சவுண்டு பெருசா வரும்ணா" என்று 3 இன்ச் வாங்கி வருகிறவரிடம், பைப் அளவைக் குறைத்து இணைக்கும் ரெடியூசருக்கும் சேர்த்துக் காசு வாங்க வேண்டியதுதான். 2 இன்ச் போதும். அதற்கு மேல் போனால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் கிட் தரையைத் தொட்டுக் கும்பிடும்.

அடுத்து இடம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும், அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் பின்னால்தான் வெட்ட வேண்டும், குறைந்தது ஓரடி தள்ளி. முன்னால் வெட்டினால் வாய் திறந்த நேரத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் பெட்ரோல் குறைவு என்று தப்பாகப் படிக்கும். டேஷ்போர்டில் என்ஜின் லைட் எரியும். கிளையின் வாய் பின்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். பெட்ரோல் லைன், பிரேக் லைன், வயரிங், டயர் எதையும் அது பார்க்கக் கூடாது. மோட்டார் பைப்பின் பக்கவாட்டில் இருக்கட்டும். அடியில் வைத்தால் கல் அடிக்கும், தண்ணீர் நிற்கும்; நேர் மேலே வைத்தால் ஏறும் சூடு அதை வேகவைக்கும். கிளை பிரியும் திசையைப் பார்க்காமல் ஒய் துண்டைத் தலைகீழாக வெல்டிங் அடித்த வண்டிகளும் இருக்கின்றன. புகை யூ டர்ன் அடித்துத்தான் வெளியே வர வேண்டும்.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை பாடியில் எங்கோ மாட்டாமல், பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பைப்பிலேயே மாட்ட வேண்டும். இல்லையென்றால் என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் விலையும் அன்றைய செலவில் சேரலாம். மோட்டாரையும் வால்வையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஒய் துண்டை மட்டும் நாலு இடத்தில் பொட்டுப் பொட்டாக டேக் அடித்து நிறுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்து, பைப்பைக் கையால் ஆட்டுங்கள். பைப் ரப்பரில் தொங்குவது, வண்டி ஓடும்போது ஊஞ்சலாடும். சுற்றிக் கட்டைவிரல் அகலம் இடைவெளி இல்லை என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் 'டங்' என்று கேட்கும். சரியாக இருந்தால் மறுபடி கழற்றி முழு வெல்டிங். வால்வோடு சேர்த்துப் பற்றவைத்தால் வளையம் லேசாகக் கோணும். ஆறியிருக்கும்போது தகடு சுழலும், சூடேறி விரிந்ததும் வளையத்தைக் கவ்விக்கொள்ளும். ஏற்காட்டில் சிக்கும் கதையில் பாதி இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

மீதி வயரிங்கில். மோட்டாருக்கு இரண்டே வயர்தான். ஒரு பக்கம் பிளஸ் கொடுத்தால் திறக்கும், மாற்றிக் கொடுத்தால் மூடும். ஒரே தட்டில் பிளஸ்ஸையும் எர்த்தையும் இடம் மாற்றும், ஆறு கால் உள்ள டிபிடிடி ஸ்விட்ச் போதும். நடுக்கால்கள் இரண்டும் மோட்டாருக்கு. மேல் இரண்டில் இடது பிளஸ், வலது எர்த். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரு துண்டு வயர், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு இன்னொன்று. பெருக்கல் குறி மாதிரி இருக்கும். ஸ்விட்ச் கட்டாயம் விரலை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் வகையாக இருக்க வேண்டும். கடையில் அது இல்லை என்று தட்டினால் அப்படியே நிற்கும் ஸ்விட்சைப் போட்டால், தகடு முட்டி நின்ற பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். தகடு முட்டியதும் கரண்டை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் உள்ளே இல்லாத கிட் என்றால், மோட்டார் புகைந்து வேலையை முடித்துக்கொள்ளும். எந்த நிலையில் புகைகிறதோ அதே நிலையில்தான் வாயும் நிற்கும். அது பெரும்பாலும் திறந்த நிலை, ஏனென்றால் ஆர்வமாக அழுத்துவது அந்தப் பக்கத்தைத்தான்.

கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய நினைத்தால் ஐந்து பின் ரிலே இரண்டு. ரிலே என்பது ஸ்விட்ச் தரும் சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திருப்பிவிடும் பெட்டி. இரண்டிலும் 30 என்று எண் போட்ட பின் மோட்டாரின் ஆளுக்கொரு வயருக்கு, 87 ஃபியூஸ் வழியாகப் பிளஸ், 87ஏ எர்த், 85 எர்த், 86 ஸ்விட்சிலிருந்து. 87-ஐயும் 87ஏ-வையும் மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும், திசைதான் மாறும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சும்மா இருக்கும்போதும் மோட்டார் வயர் இரண்டிலும் 12 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். வயர் சூடான பைப்பில் பட்டு இன்சுலேஷன் உருகிய அன்றைக்குத்தான் தெரியும்.

வயர் 1.5 ஸ்கொயர் எம்எம், மேலே நெளி ஸ்லீவ், தரைத் தகட்டைத் தாண்டும் ஓட்டையில் வயர் உரசாமல் இருக்க ரப்பர் வளையமான கிராமெட். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். கிட்டில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 10தான். "அடிக்கடி போகுதுண்ணா" என்று 30 போட்டால், அடுத்த தடவை ஃபியூஸ் வேலையை வயர் பார்க்கும். எர்த்தைப் பாடியில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் வயர் முனைக்கு லக் வளையம் வைத்து போல்ட்டில் இறுக்குங்கள். ரப்பரில் தொங்கும் துருப்பிடித்த பைப்பில் எர்த் எடுத்தால் மோட்டார் சுற்றுவது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ரிலேயை இயக்கும் காயிலுக்கான சப்ளை இக்னிஷன் ஆன் ஆனால் மட்டும் வரும் லைனிலிருந்து வரட்டும். அவசரத்தில் பார்க் லைட் வயரில் கொக்கி போட்டால், பட்டப்பகலில் மச்சானுக்குக் காட்டும்போது எதுவும் நடக்காது. ராத்திரி மட்டும் கத்தும் கார் கிடைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கரியும் துருவும் சேர்ந்தால் தகடு ஒட்டும். மழை மாதங்களில் வாரம் ஒரு முறையாவது திறந்து மூட வேண்டும். ஷாஃப்டில் சாதா கிரீஸ் தடவாதீர்கள், அது வெந்து கரியாகி இன்னும் இறுக்கும்.

இன்னொன்று, இது சிரிப்பு இல்லை. கட்-அவுட்டின் வாய் வண்டியின் வாலில் இல்லை, உட்கார்ந்திருப்பவர்களின் காலுக்குக் கீழே இருக்கிறது. மலையில் பனிமூட்டம் என்று கண்ணாடியை ஏற்றி, திறந்த கட்-அவுட்டோடு நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு தரையின் ஓட்டைகள் வழியாக உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

சட்டமும் சொல்லிவிட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 120 எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சத்தத்துக்குத் தனியாக அதே சட்டத்தின் 190(2) பிரிவு, அதில் அபராதம் 10,000 வரை போகும், மூன்று மாதம் லைசென்சும் போகும். திறக்கலாம் என்றால் ரேஸ் டிராக்கில் திறக்கலாம், கோவை பக்கத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மலைப்பாதை டிராக் இல்லை, அங்கே காட்டெருமைக்கும் காது உண்டு.

ஆகவே டிக்கியில் ஒரு தகடு கிடக்கட்டும். கட்-அவுட் வாயின் மூன்று போல்ட் ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டிய 3 மி.மீ. எவர்சில்வர் வட்டம். உருக்காலை இருக்கும் ஊரில் அந்தத் துண்டுக்கா பஞ்சம்? கூடவே ஒரு கேஸ்கெட், மூன்று போல்ட், ஸ்பேனர். பைப் ஆறும் வரை டீ குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய் மூடினால் பத்து நிமிட வேலை. முக்கால்வாசி வண்டிகளில் அந்தத் தகடு அதற்கப்புறம் கழற்றப்படுவதே இல்லை.

ஸ்விட்ச் மட்டும் டேஷ்போர்டில் நீல எல்இடியோடு அப்படியே இருக்கும். இறங்கும்போது மச்சான் அதை ஒரு தட்டுத் தட்டுவார். அடியில் மோட்டார் 'ட்ர்ர்' என்று சுற்றும், உள்ளே தகடு திறக்கும், வெளியே எவர்சில்வர் அடைத்துக்கொண்டிருப்பதால் ஒரு பொட்டுச் சத்தமும் வராது.

"இப்பதான் மாப்ள, இழுவை நல்லாத் தெரியுது" என்பார்.