முடிந்துபோன விவாகரத்து வழக்கைத் திறக்க வேண்டுமா? முதலில் தபால் கவரைப் பாருங்கள்

"டைவர்ஸ் ஆர்டர் வந்து அஞ்சு மாசம் ஆச்சு, கேஸைத் திரும்ப ஓபன் பண்ண முடியுமா?" என்று கேட்டால், பதில் அந்த ஆர்டர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. இரு தரப்பும் சாட்சி சொல்லி, வாதாடி வந்த தீர்ப்பு என்றால் திறப்பு என்ற பேச்சே இல்லை. குடும்ப நீதிமன்றச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் அப்பீல்தான். கெடு 30 நாள். இந்து திருமணச் சட்டத்தில் 2003 திருத்தம் 90 நாள் தருகிறது. ஆனாலும் 30-க்குள் போட்டுவிடுங்கள், கெடு பற்றிய சண்டையே வராது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பரஸ்பர சம்மத ஆர்டருக்கு அந்த அப்பீலும் கிடையாது. ஏமாற்றியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கினார்கள் என்றால், ஆர்டர் போட்ட அதே கோர்ட்டில்தான் மனு. "மனசு மாறிடுச்சு" என்பது தீர்ப்புக்கு முந்தின நாள் வரைக்கும்தான் செல்லும்.

உண்மையில் திறக்கக்கூடியது எக்ஸ் பார்ட்டி ஆர்டர், அதாவது ஒரு தரப்பு வராமலே போட்ட ஆர்டர். அதற்கு வழி சிவில் நடைமுறைச் சட்டத்தில் 'ஆர்டர் 9' என்ற பகுதி, விதி 13. காரணம் இரண்டே: சம்மன் முறையாக வந்து சேரவில்லை, அல்லது வந்தது, ஆனால் ஆஜராக முடியாதபடி தகுந்த காரணம் இருந்தது. வாழ்க்கையில் யார் மேல் தப்பு என்பதை இந்த மனுவில் எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். நீதிபதி அதை இப்போது பார்க்க மாட்டார்.

சென்னை ஐகோர்ட் வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் காப்பி அப்ளிகேஷன் போட்டு, ஆர்டரோடு சம்மன், அமீனா (சம்மன் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) எழுதிய அறிக்கை, திரும்பி வந்த தபால் கவர் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். வடசென்னையில் வழக்கு அந்தக் கவரில்தான் இருக்கும். பழைய எண், புதிய எண் மாறியிருக்கும். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிளாக் எண் விட்டுப்போயிருக்கும். மனைவி வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய் வருஷமாகியிருக்கும், சம்மனோ ராயபுரத்து மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும். அங்கே மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அது சேர்ப்பு ஆகாது. எதிர்மனுதாரரோடு சேர்ந்து குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தார் வாங்கினால்தான் கணக்கு. அம்மா வீட்டு முகவரியுள்ள ரேஷன் கார்டு, கேஸ் புக், பிள்ளையின் பள்ளிச் சான்று என்று தேதியோடு எது இருந்தாலும் இணையுங்கள்.

கவரில் "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதியிருந்தால் மனு தள்ளாடும். மறுத்தது வாங்கியதற்குச் சமம். இப்படி மறுத்தும் திறக்கப்பட்ட ஒரு விவாகரத்து ஆர்டரை 2011-ல் உச்ச நீதிமன்றம் பழையபடியே நிலைநிறுத்தியது. சம்மனில் சின்னக் குறை இருந்தாலும், விசாரணைத் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று நிரூபணமானால் அந்தக் குறையும் உதவாது. வாட்ஸ்அப்பில் "கோர்ட்டுக்கு வர மாட்டேன், பாத்துக்கோ" என்று அனுப்பியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

நாள் கணக்கு: சம்மன் வந்து ஆஜராகவில்லை என்றால் ஆர்டர் தேதியிலிருந்து 30 நாள். முறையாக வரவே இல்லை என்றால் ஆர்டர் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30. ஆர்டர் 4.3.2024, கெடு 3.4.2024, மனு 1.8.2024 என்றால் தாமதம் 120 நாள். அதை மன்னிக்கத் தனி மனு வேண்டும், லிமிட்டேஷன் சட்டம் (காலவரையறைச் சட்டம்) 5-ஆம் பிரிவில். அப்பீலில் நகல் வாங்க ஆன நாளைக் கழிப்பார்கள். இந்த மனுவில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே நகலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

அபிடவிட்டில் (சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில்) தாமதத்துக்குச் சொல்லும் காரணம் காலண்டரோடு ஒத்துப்போக வேண்டும். காசிமேட்டு விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தேன் என்று மே மாதத்துக்குக் காரணம் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலமாச்சே? "உடம்பு சரியில்லை" என்பதும் அப்படித்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் ஒரு நாள் தேதி இருந்தால் அது ஒரு நாளுக்குத்தான் பதில், 120 நாளுக்கு அல்ல.

ஜீவனாம்சத்துக்காக மட்டும் கேஸைத் திறக்க நினைப்பவர்கள் அலைய வேண்டாம். விவாகரத்து ஆன பிறகும், மறுமணம் செய்யாதவரை, மனைவி பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 144-ஆம் பிரிவில் கேட்கலாம். பிள்ளையின் பொறுப்பு பற்றிய உத்தரவையும் மாற்றக் கேட்கலாம், 26-ஆம் பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் அதற்காகவே இருக்கிறது. வக்கீல் செலவுக்குக் கையில் இல்லாத பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு பார்ப்பதில்லை.

மனு போட்டதும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சீக்கிரம் போய்ச் சேரும்படி பாருங்கள். ஆர்டர் ரத்தாகும் வரை அது உயிரோடுதான் இருக்கும். அதற்குள் அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் சிக்கல் இரட்டிப்பு.

ரத்து செய்யும்போது பெரும்பாலும் ஒரு நிபந்தனை வரும்: இந்தத் தேதிக்குள் எதிர்த்தரப்புக்கு இவ்வளவு காஸ்ட் (வழக்குச் செலவுத் தொகை) கட்டு, தவறினால் மனு தள்ளுபடி. கட்டிய ரசீதை மெமோவோடு தாக்கல் செய்யுங்கள். அத்தோடு விவாகரத்து மனு பழைய நம்பரிலேயே எழுந்து நிற்கும். கவுன்ட்டரை (பதில் மனுவை) முன்பே தயாராக வைத்திருங்கள், இல்லையென்றால் மறுபடி எக்ஸ் பார்ட்டி.