மூன்று தடவை சொன்ன பதில்

"அவள் மூன்று தடவை பதில் சொல்லிவிட்டாள். நீங்கள்தான் பார்க்கவில்லை."

உதவி ஆசிரியை குரலை உயர்த்தாமல் சொன்னது இவ்வளவுதான். வருஷங்கள் ஓடியும் அது என்னை விடவில்லை.

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட்டில், பாஃபின் தீவில், நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு வரை, அங்குள்ள இனுயிட் பழங்குடியினரின் மொழியான இனுக்டிடுட்டில் படித்த பிள்ளைகள் அந்த வருஷம்தான் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார்கள். ஒரு சிறுமியிடம், "வீட்டுப்பாடம் முடித்தாயா?" என்று கேட்டேன். பேசாமல் என்னையே பார்த்தாள். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை, "கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லணும்" என்றேன்.

இனுயிட் மக்களிடம் புருவத்தை உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. அவள் ஒவ்வொரு தடவையும் புருவத்தை உயர்த்தியிருக்கிறாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் நாளைக்கு மேற்படிப்புக்குத் தெற்கே போனால் அங்கே யார் இவள் புருவத்தைப் பார்க்கப் போகிறார்கள்? அந்த அக்கறையில்தான் அதட்டினேன். அதில் தப்பில்லை என்று இப்போதும் சில நாள் தோன்றும். அப்புறம் உதவி ஆசிரியையின் வயது ஞாபகம் வரும். தாய்மொழியில் பேசியதற்காக, பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் தண்டிக்கப்பட்ட தலைமுறை அவருடையது. அவரும் அங்கே படித்தாரா என்று நான் கேட்டதே இல்லை.

2019-20க்குள் எல்லா வகுப்புகளிலும் இருமொழிக் கல்வி என்றது 2008இல் வந்த கல்விச் சட்டம். இனுயிட் மொழியில் பாடம் நடத்தப் போதிய ஆசிரியர்கள் இல்லை. என் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைத்ததே அதனால்தான். 2020இல் சட்டத்தைத் திருத்தி, இனுயிட் மொழிப் பாடம் எல்லா வகுப்புகளுக்கும் வந்து சேரும் காலத்தை 2039 வரை தள்ளினார்கள். அதற்குள் அவளுடைய பிள்ளையே பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிடலாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்கும் புருவத்தைத்தான் உயர்த்தினாள். சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் எது கேட்டாலும் சத்தமாக, தெளிவாக, "யெஸ்" என்றாள். வருஷக் கடைசி அறிக்கையில் அதை நல்ல முன்னேற்றம் என்று எழுதினேன். பொய்யில்லை, முன்னேற்றம்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பாட்டி கூட்டிப்போக வந்திருந்தார். குனிந்து, பேத்தியின் கோட்டுக்கு ஜிப் போட்டுக்கொண்டே இனுக்டிடுட்டில் ஏதோ கேட்டார். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டியிடம், "யெஸ்" என்றாள்.